மலையில் பெய்யாத மழை

தாலுகா ஆபீசில் எனக்கு இருந்த வேலைகளில் மிகச் சிறியது மழையை அளப்பது. ஆபீஸின் பின்பக்கம், வேலி போட்ட ஒரு சதுரத்துக்குள் மழைமானி நின்றது. காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து, இத்தனை சென்ட் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நூறு சென்ட் ஒரு அங்குலம். பெய்யாத நாளுக்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். மழை பண்டிகை பார்ப்பதில்லை என்பதால் தீபாவளி, பொங்கல் அன்றைக்கும் இந்த ஒரு வேலைக்காக அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையத்துக்கு நடந்து போய் வருவேன்.

அந்தப் பழக்கம் முற்றி, வீட்டிலும் ஒரு நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். அன்றைய மழை, காற்று எந்தப் பக்கம், மேற்கு மலை தெரிந்ததா மூடியிருந்ததா, வயலில் என்ன வேலை, வீட்டுக்கு யார் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன்.

ஊரில் எனக்கு மழைக்காரர் என்று பெயர்.

"மழைக்காரரே, நாளைக்குக் கதிர் அறுக்கலாமா?" என்று கேட்பார்கள்.

"நேத்துப் பேஞ்சதைக் கேளுங்க, சொல்றேன். நாளைக்கு எனக்கு என்ன தெரியும்?"

"நேத்துப் பேஞ்சதுல நான்தான் நனஞ்சேன். அதைச் சொல்லவா ஒமக்குச் சம்பளம்?"

என் மனைவிக்கும் இதில் வேடிக்கைதான். "மேகத்துக்கெல்லாம் பேறுகாலம் பாக்குறது எங்க வீட்டு ஆளுதான்" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் பக்கத்தில் வருஷம் காற்றைக் கொண்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆனியிலிருந்து புரட்டாசி வரை மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வரும். முகத்தில் தெளித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். புரட்டாசிக் கடைசியில் அந்தக் காற்று நின்றுவிடும். நாலைந்து நாள் புழுங்கும். பிறகு கிழக்கே கறுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மழை இறங்கும். ஐப்பசி முழுக்க இப்படித்தான். முதல் போக நெல் அறுப்புக்கு நிற்கும் நேரமும் அதுவே. களத்தில் போட்ட நெல் முளை விடும், வைக்கோல் கறுத்துப்போகும். இந்தச் சேற்றுக்கும் ஈரத்துக்கும் நடுவில்தான் தீபாவளி வருகிறது. அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசி உலராது. முறுக்கைச் சுட்டு அடுக்கினால் மறுநாளே நமுத்துப்போகும். பட்டாசுக் கட்டை அடுப்பு மேட்டில் ஒரு சாண் தள்ளி வைத்து, வீட்டில் ஒருவர் அதற்குக் காவல் உட்கார வேண்டும். கார்த்திகையில் மழை மெலியும். மார்கழியில் பனி விழுந்து, காலை ஏழு மணிக்கு மலை கழுவிவிட்டது போல் நிற்கும். ஏலத்தோட்டங்களுக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் தைப் பொங்கலுக்குத்தான் மொத்தமாக இறங்கி வருவார்கள்.

என் அண்ணன் அப்படி மலைக்குப் போகிறவர்களில் ஒருவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். கம்பம் மேட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் தீப் பார்க்கிற வேலை. மழைக்காலத்தில் பறிக்கிற காய் வெயிலில் உலராது. அடைத்த அறைக்குள் குழாய் வழியே சூடு அனுப்பி உலர்த்த வேண்டும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் காயின் பச்சை போய்விடும். அண்ணனுக்கு அதில் நல்ல கை. ஆவணியில் ஏறினால் தையில் இறங்குவார். நடுவில் தீபாவளிக்கு மூன்று நாள் வந்து போவார். எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அண்ணன் மனைவியை நான் மதினி என்பேன். அவர்களுக்கு ஒரே மகள்.

உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, ஒரு வைகாசியில் அந்த மகளை மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். ஐப்பசியில் தலைத் தீபாவளி. மாப்பிள்ளையும் மகளும் மாப்பிள்ளையின் தாயாரும் முந்தின நாள் பிற்பகலில் வந்து, தீபாவளிக்கு மறுநாள் திரும்புவதாகப் பேச்சு.

ஒரு வாரம் இருக்கும்போது அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மதினிக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துச் சொன்னேன். காய் பழுத்து நிற்கிறது, ஸ்டோரில் தீ அணையாமல் எரிகிறது, மழையைப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். நான் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைக்குத் தலைத் தீபாவளி குறையில்லாமல் நடக்கட்டும். இவ்வளவுதான் கடிதம்.

"அதென்ன, வந்தாலும் வராட்டியும்?" என்றார் மதினி. "மாப்பிள்ளைக்குப் புதுவேட்டியை மாமனாருல்ல எடுத்துக் குடுக்கணும்? காய்க்குச் சூடு வைக்கிறவுகளுக்கு இது தெரியாதா? வரட்டும், ஒரு சூடு நான் வைக்கிறேன்."

"எங்கன வைப்பீக அக்கா?" என்று என் மனைவி கேட்க, இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு, ஆபீஸ் வாசலில் ஒருவர் சாக்கைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சின்னமனூர்க்காரர், அண்ணன் இருக்கும் தோட்டத்தில் காய் பறிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"மழை அளக்குற ஐயா நீங்கதான?"

"ஆமா."

"ஸ்டோருல தீப் பாக்குறவுக ஒங்க அண்ணன்தான?"

"ஆமா."

"உக்காருங்கய்யா" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

நாலு நாளாகக் காய்ச்சல். அந்தப் பருவத்தில் மலையில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் இறந்துபோனார். "வெறகு பூராம் நனஞ்சு கெடக்கு, எரிக்க முடியாது. மண்ணுலதான் வைக்கணும். நாளைக்கு உச்சி வரைக்கும் வச்சிருக்கோம், அதுக்கு மேல தாங்காதுன்னு கங்காணி சொல்லச் சொன்னாக. பொம்பளைககிட்ட எடுத்த எடுப்புல சொல்லாத, தம்பி ஆபீசுல இருப்பாரு, அங்கன போய்ச் சொல்லுன்னாக."

"பாதை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எத்தனையோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது அதுதான்.

"வழுக்கும். அம்புட்டுத்தான். நான் வந்துட்டேன்ல."

இரண்டு மணிக்குக் கம்பத்துக்குப் பஸ். கம்பத்தில் தங்கி, விடியும்போது மலை ஏறினால் பத்து மணிக்குத் தோட்டம். உச்சிப் பொழுதுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். இந்த நேரக் கணக்கை அங்கேயே, அந்த நாற்காலியிலேயே போட்டுப் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

ஏன் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டதுண்டு. அண்ணனே எழுதியிருந்தாரே, குறையில்லாமல் நடக்கட்டும் என்று. இந்த நேரத்தில் சாவு விழுந்தால், வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் அப்பனை வாரிக்கொடுத்தவள் என்று மாப்பிள்ளையின் தாயார் அந்தப் பிள்ளையைச் சொல்லத் தயங்க மாட்டார். இரண்டும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்தது இவை இரண்டும் அல்ல. மதினியின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிச் சொன்னால் அது கொஞ்சம் பழைய செய்தியாகிவிடும், சொல்வது லேசாகிவிடும் என்று நினைத்தேன்.

"நீங்க நேரா சின்னமனூர் போங்க. எங்க ஊர்ல யாருகிட்டயும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வீட்டுல நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தீபாவளிக்கு வீடு போய்ச் சேரும் அவசரம் அவருக்கு.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். மதினி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டிக்கு நடுவில் ஒன்றை வைத்து எண்ணெயை அழுத்திக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஒங்க அண்ணன் பஸ்ஸுல வந்தாகளா கொழுந்தனாரே?"

"இல்ல மதினி. மலை மூடியிருக்கு. மேல நல்ல மழையாம், மேட்டுப்பாதை அறுத்துக்கிட்டுப் போயிருச்சாம். ஆபீசுல பேசிக்கிட்டாக."

அவர் எழுந்து வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தார். மலை மூடித்தான் இருந்தது. ஐப்பசியில் பாதி நாள் அப்படித்தான் இருக்கும். வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். மழையைப் பற்றி நான் சொன்னதால் கேட்கவில்லை.

"பாவி மழை. இன்னும் ஒரு நாள் பொறுத்தா என்ன?" என்றார். பிறகு சுட்ட அதிரசத்தில் ஒன்றை எடுத்து, "பாகு பதமா இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினார்.

நான் வாங்கித் தின்றேன். பதமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

பிற்பகலில் மார்க்கையன்கோட்டை வண்டி வந்தது. மாப்பிள்ளை சிரித்த முகமுள்ள பையன். இறங்கும்போதே சேற்றில் கால் வைத்து முழங்கால் வரை உள்ளே போனான். "ஒங்க ஊரு மண்ணுக்கு என் மேல அம்புட்டு ஆசையா?" என்றான். "மண்ணுக்கு இல்ல மாப்பிள்ளை, ஒங்க புதுச்செருப்பு மேல" என்றாள் என் மனைவி. செருப்பைத் தோண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மகள் வண்டியிலிருந்து இறங்காமலே, "அப்பா எங்க?" என்றாள். மதினி என்னைக் காட்டி, "பாதை அறுத்திருக்காம்ல, சித்தப்பாகிட்டக் கேளு" என்றார். நான் அதே பொய்யை மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை அது சுலபமாக வந்தது.

தீபாவளி அன்று விடியுமுன் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். நானும் குளித்தேன். மதினி மஞ்சள் பூசி, அண்ணன் ஆவணியில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன அரக்குச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். மாமனார் இல்லாத குறைக்கு என்னை நிற்க வைத்து வேட்டியைக் கொடுக்கச் சொன்னார்கள். மஞ்சள் தடவிய அந்த வேட்டியை நான் எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை என் காலில் விழுந்து எழுந்தான். தீட்டுள்ள கை அது. எனக்கு மட்டும் தெரியும்.

எட்டு மணிக்கு ஆபீஸ் போனேன். மழைமானியில் பன்னிரண்டு சென்ட். பதிவேட்டில் பன்னிரண்டு என்றே எழுதினேன். வெளியே வந்தபோது மேற்கு மலை முழுதும் தெரிந்தது. ஒரு மேகம் கிடையாது. மேட்டுப்பாதை ஏறும் வெட்டுகூடச் சிவப்பாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக ஐப்பசியில் மலையைப் பார்த்ததாக என் குறிப்புகளில் வேறு நாள் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்பது மணிக்கு ஒரு பஸ் உண்டு. அந்தப் பஸ்ஸில் போனாலும் உச்சிக்குள் போய்ச் சேர முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உச்சிப் பொழுதில் எங்கள் வீட்டில் இலை போட்டிருந்தது. கறிக்குழம்பு, இட்லி, அதிரசம். மாப்பிள்ளை எலும்பைக் கடிக்கத் தெரியாமல் திணறியதைப் பார்த்து, "எங்க வீட்டு ஆளு இருந்தா எலும்பைக் கடிக்கச் சொல்லிக் குடுத்திருப்பாக, அவுகளுக்கு வேற என்ன தெரியும்" என்று சொல்லி மதினி வாய்விட்டுச் சிரித்தார். சுவரில் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. நான் எண்ணினேன். அண்ணனுக்கென்று பத்து அதிரசத்தை மதினி ஒரு தகரடப்பாவில் போட்டு மூடி வைத்தார்.

நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் மார்க்கையன்கோட்டை வண்டி போய், உத்தமபாளையம் தாண்டியிருக்கும் என்று தெரிகிற வரை பொறுத்திருந்து, பிறகு வெளியே போய்த் திரும்பி வந்து, இப்போதுதான் ஆள் வந்து சொன்னதாகச் சொன்னேன். அண்ணன் இறந்து மூன்று நாளாகிறதாம், பாதை அறுந்ததால் யாரும் இறங்க முடியவில்லையாம், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம் என்றேன். மதினி உடனே அழவில்லை. தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தார். அன்று காலை வைத்த பூ. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபடி, "மூணு நாளா இதோடயா இருந்தேன்?" என்று என் மனைவியைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. மகளை அழைத்து வர வண்டியின் பின்னால் ஆள் ஓடியது.

அந்த வாரம் என் நாட்குறிப்பில் ஒரு வேலை செய்தேன். தீபாவளிக்கு முந்தின நாளுக்கும் தீபாவளிக்கும் இடம் விட்டு வைத்திருந்தேன். அதில், 'மலையில் கனமழை. மேட்டுப்பாதை அறுந்தது. போக்குவரத்து இல்லை' என்று எழுதினேன். பள்ளத்தாக்கில் பெய்வதைத்தான் நான் அளக்கிறேன். மலையில் பெய்ததை யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மதினி கேட்டார்.

வருஷத் திதி அன்று படையல் போட்டு முடிந்ததும், "அன்னைக்கு எழுதுனதைக் கொஞ்சம் படிங்க கொழுந்தனாரே" என்றார். எடுத்து வந்து படித்தேன். "கனமழைன்னா எம்புட்டு?" என்றார். மலையில் அளக்கிறதில்லை மதினி என்றேன். "பாதை எந்த எடத்துல அறுத்துச்சாம்?" தெரியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷமும் படிக்கச் சொன்னார். அவருக்குக் குற்றம் சொல்ல ஒன்று வேண்டியிருந்தது, மழையைச் சொல்லிக்கொண்டார். ஐப்பசியில் வானம் இருட்டினால் வாசல் கதவைச் சாத்திவிடுவார். முதல் தூறல் விழுந்ததும், "வந்துட்டியா? அன்னைக்கு ஒரு நாள் ஒன்னால பெய்யாம இருக்க முடியல" என்று அடுப்படியிலிருந்து அவர் குரல் கேட்கும். சின்ன வயதுச் சண்டைக்காரியிடம் பேசுவது போலப் பேசுவார். அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அந்த இரண்டாம் வருஷத் தையில், பொங்கல் கழிந்து, பாதை காய்ந்ததும், மலைக்குப் போக வேண்டும் என்றார். முகத்தைத்தான் பார்க்கவில்லை, புதைத்த இடத்தில் ஒரு கல்லாவது நட வேண்டும். ஆற்றில் இறங்கி முழங்கை நீளத்துக்கு ஒரு தட்டைக் கல்லை அவரே தேர்ந்தெடுத்தார். துண்டில் கட்டி நான் தோளில் போட்டுக்கொண்டேன். கம்பம் வரை பஸ், அப்புறம் நடை. வழி நெடுக, "இங்கன அறுத்திருக்குமோ? இந்த ஓடையா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கும் அறுந்து திருத்திய அடையாளம் இல்லை.

கங்காணி வயதானவர், மலையிலேயே முப்பது வருஷம் இருந்தவர். எங்களை உட்கார வைத்து, "கட்டன்சாயா குடிங்க ஆத்தா, குளிருக்கு நல்லது" என்று பால் விடாத தேநீரைக் கொடுத்துவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். புல் முளைத்த சரிவு. அங்கங்கே கல் நட்டிருந்தது.

"அந்த வருசக் காச்சல்ல எட்டுப் பேரு. எல்லாம் இங்கனதான். ரெண்டு மழைக்காலத்துல மேடு பூராம் கரைஞ்சு போச்சு. சொந்தக்காரக வந்தவுக கல்லு நட்டாக. மூணு பேருக்கு யாரும் வரல. அந்த மூணுல ஒண்ணுதான் அவுகளது. எதுன்னு இப்பச் சொல்ல முடியல ஆத்தா. இந்தப் பக்கமா இருக்கலாம், அந்த மரத்தடியாவும் இருக்கலாம்."

"மழை விடலியே அண்ணே" என்றார் மதினி. "சேதி வந்ததே மூணாம் நாளு. பாதை அறுத்துக் கெடந்துச்சாம்ல."

"பாதையா? என்னத்தா சொல்றீக?" என்றார் கங்காணி. அவருக்கு எதுவும் தெரியாது. "விடியமுன்ன ஆள அனுப்புனேனே. ஐயாகிட்டச் சொல்லிட்டேன்னு தீவாளி கழிச்சு வந்து சொன்னானே. தீவாளி அன்னைக்கு இங்கன நல்ல வெயிலு. அந்தா, அந்த மேட்டுல ஒருத்தனை நிக்க வச்சிருந்தேன், பொம்பளை வருவாக, புள்ளை வரும்னு. உச்சி சாஞ்சும் பாத்தோம். யாரும் வரல. அப்பறந்தான்…"

அங்கே அவர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு, ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

மதினி புல்லில் உட்கார்ந்தார். ஆள் நிற்க வைத்திருந்த அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஒங்ககிட்ட எப்பச் சொன்னாக?"

"தீவாளிக்கு மொத நாளு. பதினோரு மணிக்கு."

"வீட்டுக்கு வந்தீகளே, அப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"அதிரசம் சுட்டுக்கிட்டு இருந்தீக."

"ஒண்ணு குடுத்தேன்ல?"

"ஆமா."

"தின்னீகளா?"

"தின்னேன் மதினி."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வேன் என்று நின்றேன். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"கல்லை எறக்குங்க" என்றார்.

"எங்கன வைக்கட்டும்?"

"எங்கன வச்சா என்ன? நீங்க நிக்கிற எடத்துலயே வைங்க."

குழி தோண்டி நட்டேன். அவர் அதைத் தொடவில்லை, கும்பிடவும் இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவர் பாதையில் வெகுதூரம் இறங்கியிருந்தார். கம்பம் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தவர் இறங்கும்போது ஓர் இடத்தில்கூட உட்காரவில்லை.

வீட்டில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான்தான் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் அவுகளுக்குப் பூக் கட்டிக் குடுத்தேனே. என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அந்த வாரமே மதினி தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி, மகள் வீட்டுக்கு மார்க்கையன்கோட்டைக்குப் போனார். போகிறேன் என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சேலையும் கொஞ்சம் பலகாரமும் எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். மழைமானியை அன்றைக்கு வேறொருவர் பார்த்தார். என் உத்தியோகத்தில் நான் லீவு கேட்டு வாங்கிய முதல் ஐப்பசி நாள் அது.

மகள் வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. "வாங்க சித்தப்பா" என்றாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். மதினி உள்ளே உரலடியில் இருந்தார். என் குரல் கேட்டிருக்கும். உலக்கைச் சத்தம் ஒரு கணம் நின்று, பழையபடி தொடர்ந்தது.

"எல்லாம் எனக்குத் தெரியும் சித்தப்பா" என்றாள் மகள், மெதுவாக. "அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாக. அப்பறம் பேசல. நான் ஒண்ணு கேக்குறேன், செய்வீகளா?"

"சொல்லு ஆத்தா."

"என் தலைத் தீவாளிக்காகத்தான் செஞ்சேன்னு யாருகிட்டயும் சொல்லாதீக. எங்க அப்பா மேல கெடக்குறப்ப நான் கீழ பட்டாசு வெடிச்சேன். அது எனக்காக நடந்துச்சுன்னு இருந்தா என்னால தாங்க முடியாது. வேற எதுவும் காரணம் சொல்லிக்கங்க."

"ஒனக்காகச் செய்யல" என்றேன். "எனக்குப் பயமா இருந்துச்சு. அதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. சேலையை வாங்கிக்கொண்டாள், பலகாரத்தையும் வாங்கிக்கொண்டாள். சோறு போட்டாள். சாப்பிடும்போது உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. மதினி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது வளையல் இல்லாத கையால் அவர் மாவைச் சலிக்கிற ஓசையில் தெரிந்தது. நான் கை கழுவி எழுந்து, "வர்றேன் மதினி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து மதினி மகளிடம் சொல்வது கேட்டது.

"கெழக்க கறுத்திருக்கு. நனையாமப் போய்ச் சேரச் சொல்லு."

நான் சின்னமனூர் வரை வேகமாக நடந்தேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்கிற வரை மழை வரவில்லை.